நெசவாளர் காசில் வளர்ந்த கடற்கரைப் பட்டணம்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், லங்காஷயர் பிரதேசத்தில், ஐரிஷ் கடலை நோக்கியவாறு பிளாக்பூல் என்னும் பட்டணம் அமைந்துள்ளது. அங்கே பெரிய துறைமுகம் இல்லை, சுரங்கம் இல்லை, பெயர் பெற்ற பஞ்சாலைகளும் இல்லை. வருவோரை வரவேற்று, உண்ணவும் உறங்கவும் இடம் தந்து, களிப்பூட்டி அனுப்புவதே அப்பட்டணத்தின் தொழில். 1851-ஆம் ஆண்டில் சுமார் 2,500 பேர் மட்டுமே வாழ்ந்த அவ்விடம், 1901-ல் ஏறத்தாழ 47,000 மக்கள் வாழும் நகரமாயிற்று. 1914-ல் முதல் உலகப் போர் மூளும் தறுவாயில், ஆண்டொன்றுக்கு அங்கு வந்து சென்ற விருந்தினரின் தொகை நாற்பது இலட்சத்தை நெருங்கியிருந்தது.

இத்தனை பேரும் யாவர்? பிரபுக்களும் பெருஞ்செல்வர்களும் அல்லர். அவர்களிற் பெரும்பாலோர் லங்காஷயர் ஆலைகளில் நூல் நூற்றவரும், தறி ஓட்டியவரும், அவர்களுடைய மக்களுமே ஆவர். வாரக் கூலியை நம்பி வாழ்ந்த இம்மக்களின் கையில் உல்லாசப் பயணத்துக்கு வேண்டிய பணம் எவ்வாறு சேர்ந்தது? சேர்ந்த பணம் பிளாக்பூலில் எவ்வெவர் கைக்குப் போயிற்று? பணத்தைச் சேர்த்தவருக்கு இறுதியில் மிஞ்சியது என்ன? இம்மூன்று கேள்விகளையும் ஆராய்வது, சிக்கனத்தையும் சேமிப்பையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்களாகிய நமக்குப் பெரிதும் பயன்படும்.

திருவிழா ஆலை விடுமுறையாயிற்று

லங்காஷயர் ஊர்களில் பண்டைக் காலந்தொட்டு ஆண்டுக்கொருமுறை தேவாலயத் திருவிழா நடைபெற்று வந்தது. அதற்கு ‘வேக்ஸ்’ என்று பெயர். தேவாலயத்தின் தரையில் புதிய கோரைப் புல்லைப் பரப்புவதற்காக ஊரார் ஊர்வலமாகச் செல்வதும், சந்தை கூடுவதும், உறவினர் வந்து தங்குவதும் அவ்விழாவின் அங்கங்கள். பஞ்சாலைகள் தோன்றிய பின்னரும் தொழிலாளர் அவ்விழாவைக் கைவிடவில்லை. அந்த நாட்களில் வேலைக்கு வருவோர் மிகக் குறைவாகவே இருந்தனர். ஆலை முதலாளிகள் முதலில் தடுத்துப் பார்த்தனர். பிறகு ஆலையையே மூடிவிடுவது நலம் எனக் கண்டனர். கொதிகலனைத் துலக்கவும் இயந்திரங்களைப் பழுது பார்க்கவும் அந்நாட்கள் அவர்களுக்கு உதவின. இவ்வாறு சில நாள் விடுமுறையாகத் தொடங்கியது சிறிது சிறிதாக நீண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஊர்களில் முழு வார விடுமுறையாக நிலைபெற்றது.

இங்கே ஒரு செய்தியை மனத்திற் கொள்ள வேண்டும். ஊர்தோறும் திருவிழாக் காலம் வேறுபட்டதால், ஊர்தோறும் ஆலை மூடும் வாரமும் வேறுபட்டது. ஓர் ஊரார் ஜூலையில் விடுமுறை கொண்டாடினர். ஓல்டாம் நகரத்தாரோ ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர்த் தொடக்கத்திலுமே கொண்டாடினர். ஆகவே பிளாக்பூலுக்கு எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து குவியவில்லை. ஒரு நகரத்தார் சனிக்கிழமை ஊர் திரும்ப, அதே சனிக்கிழமை அடுத்த நகரத்தார் வந்து இறங்கினர். ஒரே வாரத்தில் வந்திருந்தால், அந்த ஒரு வாரத்துக்காக யாரும் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டியிருக்க மாட்டார்கள். வாரம் மாறி வாரம் வந்ததனாலேயே கோடைப் பருவம் முழுவதும் அறைகள் நிறைந்தன. கட்டிடத்தில் போட்ட முதலும் திரும்பக் கிடைத்தது.

இவ்வளவு பேரைச் சுமந்து வந்தது ரெயில். 1846-ல் பிளாக்பூலுக்கு ரெயில் பாதை அமைந்தது. அதற்கு முன் கடல் நீராட வந்தோர் சிலரே. ரெயில் வந்தபின், ஆலைத் தொழிலாளரும் சலுகைக் கட்டணத்தில் சில மணி நேரத்தில் கடற்கரையை அடைய முடிந்தது.

வாரந்தோறும் சேர்ந்த காசு

அந்த விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது என்பதை நம் அங்கத்தினர் முதலில் உணர வேண்டும். ஆலை மூடினால் கூலியும் நின்றது. சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கு வழிவகுத்த சட்டம் அந்நாட்டில் 1938-ல் தான் வந்தது. ஆகவே, பயணச் செலவு, தங்கும் செலவு, உணவுச் செலவு ஆகியவற்றோடு, விட்டுப்போன கூலிக்கு ஈடாக வீட்டு வாடகைக்கும், திரும்பி வந்து அடுத்த கூலி கிடைக்கும்வரை ஆகும் செலவுக்கும் முன்கூட்டியே பணம் சேர்த்தாக வேண்டியிருந்தது.

இதற்கென அவர்கள் ‘பயணச் சேமிப்புக் கழகங்கள்’ அமைத்துக்கொண்டனர். ஆலைகளிலும், தேவாலயங்களிலும், அக்கம்பக்கத்து மதுக்கடைகளிலும் கூட இவை நடந்தன. அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாரக் கூலி வாங்கியவுடன் ஒரு சிறு தொகையைக் கட்டிவிடுவர், கணக்கு எழுதப்படும், வேக்ஸ் வாரத்துக்குச் சற்று முன் மொத்தத் தொகையும் பட்டுவாடா செய்யப்படும். நம் நாட்டில் தீபாவளிச் சீட்டு நடத்துவோருக்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை.

இதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அக்காலத்து இங்கிலாந்தில் 12 பென்னி கொண்டது ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் கொண்டது ஒரு பவுன். நான்கு தறிகளைக் கவனித்த ஒரு நெசவாளர் 1906-ஆம் ஆண்டளவில் வாரத்துக்கு ஏறத்தாழ 25 ஷில்லிங் ஈட்டினார். அவர் வாரம் ஒரு ஷில்லிங் கட்டுவதாக வைத்துக்கொண்டால், ஐம்பது வாரத்தில் 50 ஷில்லிங், அதாவது இரண்டரைப் பவுன் சேரும். இது அவருடைய இரண்டு வாரக் கூலிக்குச் சமம். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஷில்லிங் கட்டினால் ஐந்து பவுன் ஆகும்.

கணவனும் மனைவியும் என்று நாம் கூறுவது காரணத்தோடுதான். லங்காஷயர் நெசவுத் தொழிலில் பெண்கள் பெருந்தொகையினராக வேலை செய்தனர். 1892-ல் ஏற்பட்ட பொதுக் கூலிப் பட்டியலின்படி, நெய்த துணிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதத்தில் கூலி கணக்கிடப்பட்டது. பன்னிரண்டு வயதான பிள்ளைகளும் அரை நாள் பள்ளிக்கும் அரை நாள் ஆலைக்கும் சென்றனர். ஒரு வீட்டில் மூன்று நான்கு கூலி வந்ததனாலேயே இத்தகைய சேமிப்பு கைகூடிற்று. பள்ளியில் அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளையின் உழைப்பும் அக்கடற்கரை மகிழ்ச்சியில் கலந்திருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தங்குமிடமும் சமையலும்

பிளாக்பூலில் பெரிய ஓட்டல்கள் இல்லாமலில்லை. நகரின் வடபகுதியில் வசதி படைத்தோர் தங்கும் மாளிகைகள் இருந்தன. ஆனால் ஆலைத் தொழிலாளர் தங்கியது, ரெயில் நிலையத்தை அடுத்த தெருக்களில் வரிசை வரிசையாக நின்ற சிறு விடுதி வீடுகளில். இவற்றை நடத்தியவர் பெரும்பாலும் பெண்கள். விதவைகளும், மணமாகாத சகோதரிகளும், கணவனின் வருமானத்தோடு இதையும் சேர்த்துக் குடும்பம் நடத்தியவரும் அவர்களுள் இருந்தனர். பலர் தாமே லங்காஷயர், யார்க்ஷயர் ஆலை நகரங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஓர் ஊரார் தம் ஊர்க்காரி நடத்தும் வீட்டையே நாடினர். ஆண்டுதோறும் அதே வீட்டுக்கு அதே வாரத்தில் வந்தனர். ஊர் திரும்புமுன் அடுத்த ஆண்டுக்கும் சொல்லி வைத்துச் சென்றனர்.

அக்காலத்து வழக்கம் நம் கவனத்துக்கு உரியது. விருந்தினர் அறைக்கும் படுக்கைக்கும் பணம் கொடுத்தனர். உணவுப் பொருளை அவர்களே கடையில் வாங்கி வந்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்தனர். அவள் ஒவ்வொரு குடும்பத்தின் பொருளையும் தனித்தனியே வைத்து, தனித்தனியே சமைத்துப் பரிமாறினாள். ஐந்தாறு குடும்பங்கள் தங்கிய வீட்டில் ஒரே அடுப்பில் ஐந்தாறு விதமான சமையல் வேகும். ஒரு குடும்பத்தின் முட்டை மற்றொரு குடும்பத்தின் தட்டுக்குப் போகாமல் காப்பது எத்துணை கடினம் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிவர்.

வெந்நீருக்கும், மேசையில் வைக்கும் உப்பு மிளகுக் குப்பிகளுக்கும் சில வீட்டுக்காரிகள் தனிக் கட்டணம் வாங்கினர். இது பற்றி வேடிக்கைப் பேச்சுக்கள் பல வழங்கின. ஆனால் வேடிக்கை பேசியவர் வீட்டுக்காரியின் கணக்கைப் பார்த்தாரில்லை. அவளுக்கு வருமானம் கோடைப் பருவத்தின் சில மாதங்களில் மட்டுமே. வாடகையும் வரியும் பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. பருவத்தில் குடும்பத்தார் அடுக்களையிலும் பின்கட்டிலும் படுத்துக்கொண்டு, நல்ல அறைகளையெல்லாம் விருந்தினருக்கு விட்டனர். ஒரு கோடை மழையால் கெட்டாலும், ஓர் ஆலை நகரத்தில் வேலைநிறுத்தம் நேர்ந்தாலும், அக்குளிர்காலத்தில் அவள் அடுப்பில் கரி குறைந்தது.

விருந்தினர் உணவைத் தாமே வாங்கியதால், அவர்களுடைய காசு நகரத்தின் சிறு கடைகள் பலவற்றிலும் பரவியது. ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, காய்கறிக் கடை, பால்காரர் ஆகிய அனைவருக்கும் பங்கு கிடைத்தது. பிளாக்பூலைச் சூழ்ந்த ஃபைல்டு சமவெளியின் விவசாயிகள் பால், முட்டை, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு அருகிலேயே சந்தை கண்டனர். நகரின் தென்புறத்தில் உள்ள மார்ட்டன் மாஸ் என்னும் தாழ்நிலத்தில் கண்ணாடி வீடுகள் அமைத்துத் தக்காளி முதலியவற்றைப் பயிரிடும் தொழில் வளர்ந்தது. வடக்கே உள்ள ஃபிளீட்வுட் துறைமுகம் மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்றது. 1898 முதல் அவ்வூரையும் பிளாக்பூலையும் டிராம் பாதை இணைத்தது. விளைபொருள் தேடி வெகுதூரம் போகாமல், உண்பவரே விளையும் இடத்துக்கு வருவது விவசாயிக்கு எவ்வளவு இலாபம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஆறு பென்னிக் கேளிக்கை

விருந்தினரை மகிழ்விக்கக் கடல் மட்டும் போதவில்லை. ஏனெனில் அந்நாட்டில் கோடையிலும் மழை அடிக்கடி பெய்யும். மழை நாளிலும் கூட்டத்தைக் கூரையின் கீழ் வைத்துக் களிப்பூட்டுவதே கேளிக்கை முதலாளிகள் கண்ட உபாயம்.

1863-ல் கடலுக்குள் நீண்ட வட பாலமும், 1868-ல் நடுப் பாலமும் திறக்கப்பட்டன. முன்னதில் கனவான்கள் வாத்தியக் கச்சேரி கேட்டனர். பின்னதில் தொழிலாளர் திறந்த வெளியில் நடனமாடினர். 1878-ல் ‘விண்டர் கார்டன்ஸ்’ என்னும் கண்ணாடி வேய்ந்த பெருமண்டபம் எழுந்தது. 1894-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிளாக்பூல் கோபுரம் திறக்கப்பட்டது. பாரிஸ் நகரத்து ஐஃபல் கோபுரத்தைக் கண்டு அதைப் போலச் செய்த இதன் உயரம் 518 அடி. நகர மேயராயிருந்த ஜான் பிக்கர்ஸ்டாஃப் இம்முயற்சிக்கு முன்னின்றவர். கோபுரத்தின் அடியில் மீன் காட்சிச்சாலையும் விலங்குக் காட்சியும் இருந்தன. நான்கு இரும்புக் கால்களுக்கு இடையே சர்க்கஸ் அரங்கு அமைந்தது. ஆட்டம் முடியும் வேளையில் அரங்கின் தரை கீழிறங்கி நீரால் நிரம்பும். 1899-ல் ஃபிராங்க் மேச்சம் என்னும் சிற்பி வகுத்த அலங்கார நடன மண்டபம் அங்கே திறக்கப்பட்டது.

கோபுரக் கட்டிடத்தினுள் நுழையக் கட்டணம் ஆறு பென்னி. சர்க்கஸுக்கும், மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டுக்கும் தனித்தனியே கட்டணம். ஆறு பென்னி என்பது நாம் கணக்கிட்ட ஒரு ஷில்லிங் சேமிப்பில் பாதி. அரண்மனை போன்ற மண்டபத்தில் பொன் பூசிய விதானத்தின் கீழ் ஒரு தறிக்காரி அந்தக் காசுக்குப் பகல் முழுவதும் இருக்கலாம்; ஆடலாம்; வாத்தியம் கேட்கலாம். ஐம்பது வாரமும் ஆலையின் இரைச்சலில் நின்றவளுக்கு அது சிறிய பேறன்று. உரிமையாளருக்கோ ஆறு பென்னிகள் இலட்சக்கணக்கில் சேர்ந்து பெரும் இலாபமாயின.

நகரின் தென்கோடி மணல்மேட்டில் இராட்டினங்களும் விளையாட்டு இயந்திரங்களும் தோன்றி, ‘பிளெஷர் பீச்’ என்னும் கேளிக்கைப் பூங்காவாக வளர்ந்தன. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிம் அமைத்த பறக்கும் இராட்டினம் 1904-ல் அங்கே நிறுவப்பட்டது. ஆகாய விமானம் பொதுமக்கள் அறியாத அக்காலத்தில், தறிக்காரர்கள் காசு கொடுத்துக் காற்றில் சுழன்றனர்.

மணல்வெளி வியாபாரமும் நகரசபையும்

கட்டணம் கொடுக்க இயலாதவருக்கு மணல்வெளியே அரங்கு. பொம்மலாட்டக்காரர், கழுதைச் சவாரி நடத்துவோர், ஐஸ்கிரீம் விற்போர், சிப்பி விற்போர், பழக்காரர், புகைப்படம் எடுப்போர், தலையைத் தடவிக் குணம் சொல்வோர், கைரேகை பார்ப்போர், மருந்து விற்போர் என முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகள் 1890-களில் மணலில் இடம் பிடித்திருந்தன. 1897-ல் நகரசபை இவர்களை அகற்ற முற்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் சில வியாபாரங்களுக்கு இடம் விட்டது. குறிசொல்வோர், போலி மருந்துக்காரர் போன்றோரை விலக்கியது. விலக்கப்பட்டவர் ஊரைவிட்டுப் போகவில்லை. கடலை நோக்கிய வீடுகளின் முன் தோட்டங்களை வாடகைக்குப் பிடித்து, அங்கே கடை விரித்தனர். பிற்காலத்தில் ‘பொன் மைல்’ எனப் பெயர் பெற்ற கேளிக்கைத் தெரு இவ்வாறு தோன்றியதே. மக்கள் விரும்பும் வியாபாரத்தைத் தடையுத்தரவால் மட்டும் நிறுத்த முடியாது. அதற்கு ஒழுங்கான இடமும் விதியும் வகுப்பதே வழி என்பதை இது காட்டுகிறது.

பிளாக்பூல் நகரசபை ஒரு வியாபாரியைப் போலவே சிந்தித்தது. எரிவாயு, மின்சாரம், டிராம் ஆகியவற்றைத் தானே நடத்தியது. 1879-ல் பாராளுமன்றத்தில் பெற்ற சட்டத்தின்படி, சொத்து மதிப்பில் ஒரு பவுனுக்கு இரண்டு பென்னி வரை வரி விதித்து, அத்தொகையை நகரை விளம்பரப்படுத்தச் செலவிடும் உரிமையைப் பெற்றது. வேறு ஊர்களுக்குக் கிட்டாத உரிமை இது. அதே ஆண்டில் கடற்கரைச் சாலையில் மின்விளக்கு ஏற்றப்பட்டது. 1885-ல் மின்சார டிராம் ஓடியது. 1902 முதல் 1905 வரை கடற்கரைச் சாலை அகலப்படுத்தப்பட்டது.

1912-ஆம் ஆண்டு மே மாதத்தில் இளவரசி லூயிஸ் கடற்கரைச் சாலையின் ஒரு புதிய பகுதியைத் திறந்து வைக்க வந்தார். அதற்காகச் சுமார் 10,000 மின்விளக்குகள் தோரணமாகக் கட்டப்பட்டன. அதைக் கண்ட வியாபாரிகள், அவ்வலங்காரத்தைச் செப்டம்பரில் மீண்டும் செய்யுமாறு நகரசபையை வேண்டினர். ஏனெனில் செப்டம்பர் கழிந்தால் கூட்டம் குறைந்துவிடும். விளக்கலங்காரத்தால் பருவம் சில வாரம் நீண்டது. போரினால் 1914-ல் நின்றுபோன இவ்வழக்கம் 1925-ல் மீண்டும் தொடங்கிற்று. மந்தமான காலத்தில் விற்பனையைத் தூண்ட ஒரு புதிய காரணத்தை உண்டாக்குவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

கண்ணுக்குத் தெரியாத நூலிழை

இதுவரை கூறியவற்றில் நம் தேசத்துக்குத் தொடர்பில்லை என்று அங்கத்தினர் எண்ணலாகாது. 1913-ல் லங்காஷயரிலிருந்து ஏறத்தாழ 700 கோடி கெஜம் துணி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. அதில் சுமார் 300 கோடி கெஜத்தை வாங்கியது இந்தியா. அந்தத் துணி வந்து குவிந்ததால், நம் நாட்டில் எத்தனையோ தறிகள் ஓய்ந்தன. நெசவை விட்டுக் கூலி வேலைக்குச் சென்ற குடும்பங்கள் பல. ஆகவே, கோபுர நடன மண்டபத்தில் தறிக்காரி கொடுத்த ஆறு பென்னியில், நம் நாட்டுச் சந்தையிலிருந்து போன காசும் இருந்தது.

ஆயினும் அந்தத் தறிக்காரியை நாம் பகைக்க நியாயமில்லை. அவள் கூலிக்காரி. சுதேசி இயக்கம், இந்திய ஆலைகளின் வளர்ச்சி, ஜப்பானியப் போட்டி ஆகியவற்றால் 1920-களில் லங்காஷயர்த் துணியின் ஏற்றுமதி வீழ்ந்தபோது, வேலையிழந்தவளும் அவளே. 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் காந்தியடிகள் லங்காஷயருக்குச் சென்று, டார்வென் முதலிய இடங்களில் ஆலைத் தொழிலாளரை நேரிற் சந்தித்தார். அந்நியத் துணியைப் பகிஷ்கரித்த தலைவரை, அதனால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் அன்போடு வரவேற்றனர். உழைப்பவர் உழைப்பவரின் துன்பத்தை உணர்வர் என்பதற்கு அச்சந்திப்பு சான்று.

கூட்டுறவாளர் கண்ட மாற்று வழி

உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டிய ராச்டேல் நகரமும் அக்காலத்தில் இதே லங்காஷயரில்தான் இருந்தது. 1844-ல் அங்கே சிலர் கூடி, ஆளுக்கொரு பவுன் பங்கிட்டுக் கடை திறந்த வரலாறு நம் அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. 1863-ல் சங்கங்கள் ஒன்றுகூடி மொத்த விற்பனை நிலையத்தையும் தொடங்கின. சர்க்கரையும் மாவும் வாங்குவதில் இடைத்தரகரை விலக்கிய இம்மக்கள், விடுமுறைக் காசைச் செலவிடும்போது மட்டும் பெரும்பாலும் பிறர் வகுத்த வழியிலேயே சென்றனர். சேமிப்பது கூட்டாக நடந்தது. செலவிடுவதோ தனித்தனியாக நடந்தது. கோபுரத்தின் இலாபமும் மண்டபங்களின் இலாபமும் பங்குதாரருக்குப் போயின.

இதைக் கண்டு வருந்தியவருள் ஒருவர் ஆர்தர் லியோனார்டு. நெசவு நகரமாகிய கோல்ன் என்னும் ஊரில் அவர் சமயபோதகராக இருந்தார். ஆண்டு முழுவதும் சேர்த்த பணத்தை மக்கள் ஒரே வாரத்தில் ஆரவாரக் கேளிக்கையில் கரைத்துவிட்டு, உடலுக்கோ உள்ளத்துக்கோ ஓய்வின்றித் திரும்புகின்றனர் என்பது அவர் கருத்து. 1891-ல் அவர் சில இளைஞர்களை ஏரிகளும் மலைகளும் நிறைந்த ஆம்பிள்சைடு என்னும் இடத்துக்கு நடைப்பயணமாக அழைத்துச் சென்றார். அதன் வெற்றியால் 1893-ல் கூட்டுறவு விடுமுறைச் சங்கம் தோன்றிற்று. எளிய விடுதி, எளிய உணவு, பகலில் மலைநடை, மாலையில் பாட்டும் சொற்பொழிவும் என்பது அச்சங்கத்தின் திட்டம்.

திட்டம் நல்லதே. ஆனால் நாளடைவில் அவ்விடுதிகளுக்கு வந்தவர் பெரும்பாலும் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களுமாயினர். தறிக்காரர்கள் முன்போலவே பிளாக்பூலுக்குச் சென்றனர். சங்கம் தொழிலாளரைவிட்டு விலகிச் செல்வதாகக் கருதிய லியோனார்டு, 1913-ல் வேறொரு விடுமுறைக் கழகத்தைத் தொடங்கினார். நாள்தோறும் நின்றே வேலை செய்தவர்களுக்கு மலையேறுவதைவிட மண்டபத்தில் ஆடுவதும், தம் ஊராரோடு கூடிச் சிரிப்பதும் இனித்தன போலும். அங்கத்தினரின் விருப்பத்தைக் கேளாமல் அவர்களுக்கு நன்மை செய்ய முற்படும் சங்கம், நல்ல சங்கமாயிருந்தும் ஆளில்லாத சங்கமாகிவிடும்.

பின்னர் நிகழ்ந்தது

லங்காஷயரில் பஞ்சாலைத் தொழில் நலிந்தபோது பிளாக்பூல் உடனே நலிந்துவிடவில்லை. மத்திய இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் விருந்தினரை ஈர்த்தது. 1930-களில் ஆண்டுக்கு எழுபது இலட்சம் பேர் வந்தனர் என்பர். 1960-களுக்குப் பிறகு நிலைமை மாறிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேக்ஸ் வாரம் மறைந்தது. ஆகாய விமானத்தில் ஸ்பெயின் தேசக் கடற்கரைக்குச் செல்வது எளிதாயிற்று. வெறுமையான விடுதி வீடுகள் மலிவு வாடகை அறைகளாகப் பிரிக்கப்பட்டன. 2019-ல் வெளியான அரசாங்கக் கணக்கின்படி, இங்கிலாந்தின் உள்ளாட்சிப் பகுதிகளில் வறுமையும் குறைபாடும் மிகுந்தது பிளாக்பூலே. 2010-ல் கோபுரத்தையும் விண்டர் கார்டன்ஸையும் நகராட்சி விலைக்கு வாங்கியது. கோபுரம் இன்றும் நிற்கிறது. இலையுதிர் கால விளக்கலங்காரமும் தொடர்கிறது.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவன நான்கு. முதலாவது, சிறு கூலிக்காரரும் தவணை தவறாது சேர்த்தால், அவர்களுடைய காசு ஒரு நகரத்தையே எழுப்பவல்லது. இரண்டாவது, தேவை ஒரே நாளில் குவியாமல் பல வாரங்களில் பரவினால், விற்போருக்கும் வாங்குவோருக்கும் நன்மை உண்டு. தீபாவளிக்கு ஒரு மாதத்தில் விற்றுத் தீர்ந்து, மற்ற மாதங்களில் சரக்குத் தேங்கும் நெசவாளர் சங்கம் இதனைச் சிந்திக்க வேண்டும். மூன்றாவது, ஒரே தொழிலை அல்லது ஒரே சந்தையை நம்பிய வாழ்வு நிலையற்றது. லங்காஷயர் நம் சந்தையை நம்பியது. பிளாக்பூல் லங்காஷயரை நம்பியது. ஓரிடத்தில் நூல் அறுந்தபோது மற்ற இடங்களிலும் இழை தளர்ந்தது.

நான்காவது எல்லாவற்றினும் முக்கியமானது. சேமிப்பு என்பது பாதிக் காரியமே. சேர்த்த பணம் யார் கடை வழியாக, யார் கை வழியாகச் செலவாகிறது என்பது மற்றப் பாதி. ஆண்டு முழுவதும் சங்கத்தில் சிக்கனமாகச் சேர்த்து, பண்டிகை வாரத்தில் அதை வட்டிக்காரரிடமும் இடைத்தரகரிடமும் கொண்டுபோய்க் கொடுப்பவர், பாதி வழியே கூட்டுறவாளர். மகிழ்ச்சிக்காகச் செலவிடுவது குற்றமன்று. உழைப்பவருக்குக் களிப்பும் ஓய்வும் உரிமை. அந்தச் செலவும் நம் சங்கத்தின் துணியாக, நம் அங்கத்தினரின் விளைபொருளாக, நம்மவர் நடத்தும் விடுதியாக இருக்குமாயின், கொடுத்த காசில் ஒரு பகுதி ஈவாக நம்மிடமே திரும்பும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் அங்கத்தினர் பண்டிகைக்காகச் சேர்க்கும் பணம் இப்பொழுது எங்கே சேர்க்கப்படுகிறது? அதற்குப் பாதுகாப்பு என்ன?

2. அப்பணத்தில் எவ்வளவு பகுதி சங்கத்தின் வாயிலாகச் செலவாகிறது? மீதி வெளியே செல்வதற்குக் காரணம் விலையா, தரமா, கடனா?

3. நம் சரக்குக்கு மந்தமான மாதங்கள் எவை? பிளாக்பூல் வியாபாரிகள் செப்டம்பரை நீட்டியது போல, அம்மாதங்களில் விற்பனைக்கு என்ன புதிய வாய்ப்பை உண்டாக்கலாம்?

4. சங்கம் அங்கத்தினருக்காகச் செய்யும் காரியங்களுள், அவர்களைக் கேட்டுச் செய்தவை எவை? கேளாமற் செய்தவை எவை?